புதுவைப் பிரதேசத்தின் நிலவமைப்பும் பருவ மழையும்

பயிர்த்தொழிலுக்கு முதற் காரணமாயுள்ளவை நிலமும் நீரும் ஆகும். இவ்விரண்டில் நிலம் ஓரிடத்தில் நிலைத்து நிற்பது. நீரோ வருஷந்தோறும் வானத்தினின்று புதிதாக வரவேண்டியது. புதுச்சேரிப் பிரதேசத்தில் அந்நீர் வரும் காலம் மிகவும் குறுகியதாகும். ஆண்டு முழுமைக்கும் வேண்டிய ஜலத்தில் பெரும்பகுதி ஐப்பசி, கார்த்திகை, மார்கழி ஆகிய மாதங்களில், அவற்றிலும் ஒரு சில நாட்களிலேயே, பெய்து முடிந்துவிடுகிறது. அந்நாட்களில் தேக்கிவைத்த நீரே பங்குனியிலும் சித்திரையிலும் கிணற்றில் ஊறுவது. தேக்காமல் விட்ட நீர் இரண்டொரு நாளில் கடலைச் சேர்ந்துவிடும். ஆகையால் இப்பிரதேசத்தின் நிலம் எவ்வாறு சாய்ந்துள்ளது, மழை எக்காற்றினால் வருகிறது, எப்போது மிகுகிறது, எப்போது பொய்க்கிறது என்பவற்றை அறிந்துகொள்ளுதல் நிலமுடையோர்க்கும் கிராம அதிகாரிகளுக்கும் மிகவும் அவசியமாகும்.

இருப்பிடமும் எல்லையும்

புதுச்சேரி நகரம் சோழமண்டலக் கரையில், சென்னைக்குத் தெற்கே ஏறக்குறைய 150 கிலோமீட்டர் தொலைவில், பூமத்திய ரேகைக்கு வடக்கே 12 டிகிரிக்குச் சற்றுக் குறைவான இடத்தில் அமைந்துள்ளது. 1674-ஆம் வருஷத்தில் பிரான்சுவா மர்த்தேன் என்பவரால் நிலைநாட்டப்பெற்ற பிரெஞ்சுக் குடியேற்றம், இடையிடையே பிறர் கைக்குச் சென்று மீண்டு, 1954-ஆம் வருஷம் நவம்பர் முதல் தேதி இந்திய நிர்வாகத்தின் கீழ் வந்தது. சட்டப்படியான இணைப்பு 1962-ஆம் வருஷம் ஆகஸ்டு 16-ஆம் தேதி நிறைவேறியது.

புதுச்சேரி ஜில்லாவின் பரப்பு சுமார் 290 சதுர கிலோமீட்டர். இப்பரப்பு ஒரே தொடர்ச்சியாக இல்லை. வில்லியனூர், பாகூர், நெட்டப்பாக்கம், மண்ணாடிப்பட்டு, அரியாங்குப்பம் ஆகிய கொம்யூன்களின் கிராமங்கள், தமிழ்நாட்டைச் சேர்ந்த விழுப்புரம், கடலூர் ஜில்லாக்களின் கிராமங்களோடு பின்னிக் கிடக்கின்றன. அரசியல் எல்லை இவ்வாறு வளைந்து வளைந்து செல்லினும் நீர் அவ்வெல்லையை அறியாது. ஓர் ஏரியின் நீர்ப்பிடிப்பு ஓர் ஆட்சியிலும் அதன் ஆயக்கட்டு மற்றோர் ஆட்சியிலும் இருத்தல் இங்கு இயல்பு. ஊசுட்டேரியின் நீர்ப்பரப்பே இரண்டு ஆட்சிகளுக்கும் பொதுவாக உள்ளது. ஆதலின் இப்பகுதியில் நீர் சம்பந்தமான எந்தக் காரியமும் அண்டைக் கிராமத்தாரோடு கலந்து செய்தாலன்றிப் பயன் தராது.

நிலத்தின் சாய்வும் மண்ணின் வகையும்

மேற்கேயிருந்து கிழக்கே கடலை நோக்கி நிலம் மெல்லச் சாய்ந்து செல்கிறது. இச்சாய்வை மூன்று படிகளாகப் பிரித்துக் காணலாம்.

முதலாவது, கோரிமேடு முதலாக வடமேற்கே பரந்துள்ள செம்மண் மேடு. இது கடலூர் மணற்கல் என்று புவியியலார் வழங்கும் பாறைத்தொகுதியின் மேல் அமைந்தது. இம்மணற்கல்லின் பழமைக்குச் சான்று தேடித் தூரம் செல்லவேண்டியதில்லை. அண்டையிலுள்ள திருவக்கரையில் கல்லாய் மாறிய பெரிய அடிமரங்கள் இதே படிவத்தில் கிடக்கின்றன. அவை சுமார் இரண்டு கோடி ஆண்டுகளுக்கு முற்பட்டவை என்பர். செம்மண் மேட்டில் மழைநீர் எளிதில் உள்ளே இறங்கும். ஆனால் மரஞ்செடிகள் நீங்கி மண் வெறுமையாகிவிட்டால், அதே மழை மேல்மண்ணை வாரிக்கொண்டு ஓடி ஆழமான ஓடைகளை அறுத்துவிடும். மணிலாக்கொட்டை, கம்பு, முந்திரி முதலியவை இம்மேட்டு நிலத்துக்கு ஏற்றவை.

இரண்டாவது, ஆறுகள் பரப்பிய வண்டல் நிலம். வில்லியனூர், பாகூர்ப் பகுதிகளின் நஞ்செய்கள் இவ்வகையின. பாகூரை இப்பிரதேசத்தின் நெற்களஞ்சியம் என்று அழைப்பது வழக்கம். செம்மண் மேட்டுக்கு மேற்கே சில இடங்களில் களிப்புள்ள கரிசலும் காணப்படும். அது நீரை நெடுநாள் வைத்திருக்கும், காய்ந்தால் பிளக்கும்.

மூன்றாவது, காலாப்பட்டு முதல் வீராம்பட்டினத்துக்கும் அப்பால் வரை கடலோரமாக ஓடும் மணல் மேடும் அதன் பின்னுள்ள தாழ்ந்த பூமியும் ஆகும். மணல் மேடு உயர்ந்தும் அதன் பின்புறம் தாழ்ந்தும் இருப்பதால் உள்நாட்டு வெள்ளம் எளிதில் கடலுக்குள் வடிய முடிவதில்லை. கோடைக் காலத்தில் ஆற்றின் முகத்துவாரங்களைக் கடலலை மணலால் தூர்த்துவிடுவதும் உண்டு. மழை துவங்குமுன் முகத்துவாரங்களைக் கவனித்தல் வேண்டும் என்பதற்கு இதுவே காரணம்.

ஆறுகள்

இப்பிரதேசத்தின் ஆறுகள் யாவும் மழைக் காலத்தில் பெருகி மற்றைக் காலத்தில் வறண்டு கிடப்பவை. முக்கியமானவை இரண்டு. ஒன்று செஞ்சி மலைப்பகுதியில் தோன்றி வரும் சங்கராபரணி. செஞ்சியாறு என்றும் வராக நதி என்றும் இதற்குப் பெயர்கள் உண்டு. இது கடலை அடையுமுன் அரியாங்குப்பத்தாறு, சுண்ணாம்பாறு என இரு கிளைகளாகப் பிரிகிறது. அரியாங்குப்பத்தாற்றின் கரையிலேதான் பழங்காலத்தில் ரோமாபுரியோடு வாணிகம் நடத்திய அரிக்கமேடு என்னும் துறைமுகம் இருந்தது. 1945-ஆம் வருஷத்தில் மார்ட்டிமர் வீலர் அங்கு அகழ்ந்து ஆராய்ந்தார்.

மற்றொன்று தென்பெண்ணையாறு. இது கர்நாடக தேசத்து நந்தி மலைப்பகுதியில் பிறந்து, 400 கிலோமீட்டருக்கு மேல் ஓடி, பாகூர்ப் பகுதியின் தென்னெல்லையைத் தொட்டுக் கடலூருக்கு அருகில் கடலிற் கலக்கிறது. பாகூர்க் குடியானவர்கள் இவ்வாற்றைப்பற்றி ஒன்றை எப்போதும் நினைவிற் கொள்ளுதல் வேண்டும். பெண்ணையின் வெள்ளம் பாகூரில் பெய்த மழையால் மட்டும் உண்டாவதன்று. கிருஷ்ணகிரியிலும் திருவண்ணாமலைப் பகுதியிலும் பெய்த மழை இரண்டொரு நாள் கழித்து இங்கே வந்து சேரும். உள்ளூரில் வானம் வெளுத்திருக்கும்போதே ஆறு கரைபுரளக் கூடும்.

ஏரிகளும் கால்வாய்களும்

குறுகிய காலத்தில் வரும் நீரை நெடுங்காலத்துக்குப் பயன்படுத்த முன்னோர் கண்ட வழி ஏரியாகும். புதுச்சேரிப் பகுதியில் 84 ஏரிகள் உள்ளன என்பது கணக்கு. அவற்றுள் ஊசுட்டேரியும் பாகூர் ஏரியும் பெரியவை. ஊசுட்டேரி நிரம்பியபோது சுமார் 800 ஹெக்டேர் பரப்பில் நீர் நிற்கும். இவ்வேரி சங்கராபரணியிலிருந்து வரும் கால்வாயாலும், பாகூர் ஏரி பெண்ணையாற்றின் சொர்ணாவூர் அணைக்கட்டிலிருந்து வரும் பங்காரு வாய்க்காலாலும் நீர் பெறுகின்றன. பங்காரி, சிங்காரி என்னும் இரு சகோதரிகள் தங்கள் பொருளைச் செலவிட்டு வாய்க்கால் வெட்டுவித்தனர் என்று அவ்வூரார் வழிவழியாகக் கூறி வருகின்றனர். நகர மாந்தருக்கு நீர்நிலை அமைத்துத் தந்ததாகக் கூறப்படும் ஆயி என்னும் பெண்மணியின் நினைவாக, மூன்றாம் நெப்போலியன் காலத்தில், முத்திரையர்பாளையத்திலிருந்து நகருக்குக் குடிநீர் கொண்டுவந்தபோது, ஆயி மண்டபம் எழுப்பப்பட்டது. நீரைத் தேக்கித் தந்தவர்களைத் தெய்வம்போல் போற்றும் இவ்வழக்கம், இப்பிரதேசத்தில் நீர் எவ்வளவு அருமையானது என்பதைக் காட்டும்.

ஓர் ஏரி நிரம்புவதற்கு அதன் வரத்துக் கால்வாய் செவ்வையாக இருத்தல் வேண்டும். ஆற்றில் வெள்ளம் போகும் நாட்கள் சிலவே. அந்நாட்களில் கால்வாய் தூர்ந்திருக்குமாயின் ஆறு நிறைய நீர் ஓடியும் ஏரி காய்ந்தே கிடக்கும். 1999-ஆம் வருஷம் முதல் ஐரோப்பிய ஒன்றியத்தின் பொருளுதவி கொண்டு இப்பகுதி ஏரிகளைச் சீர்திருத்தும் திட்டம் ஒன்று நடைபெற்றது. அத்திட்டத்தில் ஏரிப் பாசனத்தாரின் சங்கங்களுக்கு முக்கிய இடம் அளிக்கப்பட்டது. தூர் எடுப்பது ஒருமுறை செய்து விடக்கூடிய வேலையன்று. வண்டல் ஆண்டுதோறும் வந்து படிவது. எனவே பயனடைவோரே காவலராகவும் இருந்தாலன்றி எந்த ஏரியும் நிலைபெறாது.

தென்மேற்குப் பருவம்

இனி மழை வரும் வகையைக் காண்போம். சித்திரை, வைகாசி மாதங்களில் சூரியன் தலைக்கு நேராக நின்று காய்வதால் வட இந்தியத் தரை மிகவும் சூடேறுகிறது. சூடான காற்று இலேசாகி மேலெழ, அங்குக் காற்றின் அழுத்தம் குறைகிறது. அவ்விடத்தை நிரப்ப இந்து மகாசமுத்திரத்தினின்று ஈரக்காற்று தென்மேற்கு முகமாக ஓடிவருகிறது. இதுவே தென்மேற்குப் பருவக் காற்றாகும். இக்காற்று முதலில் மேற்குத் தொடர்ச்சி மலையில் மோதி உயரச் சென்று குளிர்ந்து, தன் ஈரத்தில் பெரும்பகுதியை மலையாளக் கரையிலேயே மழையாகக் கொட்டிவிடுகிறது. மலையைத் தாண்டிக் கீழிறங்கும்போது மீண்டும் சூடேறி வறண்ட மேல்காற்றாகப் புதுச்சேரியை வந்தடைகிறது. இப்பிரதேசம் மலையின் மழை மறைவில் உள்ளது என்று கூறுவதன் பொருள் இதுவே.

இவ்வேற்றுமையைப் புதுவை ஆட்சிக்குட்பட்ட பிரதேசங்களைக்கொண்டே விளக்கலாம். மேலைக் கரையிலுள்ள மாஹேயில் ஆண்டுக்கு 3,000 மில்லிமீட்டருக்கு மேல் மழை பெய்கிறது. அதில் பெரும்பாகம் ஜூன் முதல் செப்டம்பர் வரை. கீழைக் கரையிலுள்ள புதுச்சேரியிலும் காரைக்காலிலும் அக்காலம் வெயில் காலத்தின் தொடர்ச்சியே. ஒரே ஆட்சி, ஏறக்குறைய ஒரே அட்சரேகை. எனினும் இடையே நிற்கும் மலை ஒன்று இரண்டிடத்துப் பயிர்ப் பஞ்சாங்கத்தையும் தலைகீழாக்கிவிட்டது.

இருப்பினும் தென்மேற்குப் பருவத்தில் புதுச்சேரிக்கு மழையே இல்லையென்று எண்ணலாகாது. பகலில் தரை காய, பிற்பகலில் கடற்காற்று உள்ளே வீசும். அது மேல்காற்றைச் சந்திக்குமிடத்தில் மேகம் திரண்டு மாலையிலும் இரவிலும் இடிமழை பெய்யும். ஆடி, ஆவணி, புரட்டாசி மாதங்களில் இவ்வாறு பெய்யும் மழை மானாவாரிப் பயிருக்கும் நாற்றங்காலுக்கும் பேருதவியாகும். ஆனால் ஓர் ஊரில் பெய்து அடுத்த ஊரை விட்டுவிடுவது இதன் இயல்பு; இதை நம்பி நஞ்செய்ப் பயிர் முழுவதையும் விளைவித்தல் இயலாது.

இப்பருவம் துவங்கும்போது வானம் எவ்வளவு எதிர்பாராத வகையில் மாறும் என்பதற்குச் சரித்திரப் புகழ்பெற்ற உதாரணம் ஒன்று உண்டு. லெ ஜாந்தீல் என்னும் பிரெஞ்சு வானசாஸ்திரி, சூரியனுக்குக் குறுக்கே சுக்கிரன் கடந்து செல்வதைக் காணும்பொருட்டுக் கடல் கடந்து வந்து, புதுச்சேரியில் ஆராய்ச்சி நிலையம் அமைத்துக் காத்திருந்தார். அதற்கு முந்திய நாட்களில் காலை வானம் தெளிவாகவே இருந்தது. 1769-ஆம் வருஷம் ஜூன் 4-ஆம் தேதி விடியற்காலையில், அவர் பல்லாண்டு எதிர்நோக்கிய அந்தச் சில மணி நேரத்தில், மேகம் சூரியனை மூடிக்கொண்டது. சுக்கிரன் கடந்து சென்றபின் வெயில் எறித்தது. நேற்றைய வானத்தைக்கொண்டு நாளைய வானத்தை நிச்சயிக்கலாகாது என்பது அறிஞருக்கும் உழவருக்கும் ஒருங்கே பொருந்தும் பாடமாகும்.

வடகிழக்குப் பருவம்

புரட்டாசி கழிந்ததும் காற்றின் போக்கு மாறுகிறது. சூரியன் தெற்கே செல்ல, ஆசியாக் கண்டத்தின் பெருநிலம் விரைவில் குளிர்ந்து அங்குக் காற்றின் அழுத்தம் மிகுகிறது. வங்காள விரிகுடாவோ இன்னும் வெப்பமாகவே இருக்கிறது. எனவே காற்று நிலத்தினின்று கடலை நோக்கித் திரும்பி, வடகிழக்கு முகமாக விரிகுடாவைக் கடந்து, வழியிலே ஈரத்தை வாங்கிக்கொண்டு சோழமண்டலக் கரையை அடைகிறது. இது துவங்கும் சராசரித் தேதி அக்டோபர் 20 என்று வானிலை ஆராய்ச்சித் துறையார் குறித்துள்ளனர். அது ஐப்பசி முதல் வாரமாகும். ஐப்பசி அடைமழை என்று முன்னோர் கூறியதும் இக்கணக்கும் ஒத்திருத்தல் காண்க.

புதுச்சேரியின் ஆண்டுச் சராசரி மழை சுமார் 1,300 மில்லிமீட்டர், அதாவது ஏறக்குறைய 51 அங்குலம். இதில் ஐந்தில் மூன்று பங்குக்குக் குறையாமல் அக்டோபர் முதல் டிசம்பர் வரையுள்ள மூன்று மாதங்களிலேயே கிடைக்கிறது. நவம்பரே மிகுந்த மழையுள்ள மாதம். ஜனவரி முதல் ஏப்ரல் வரை மழை மிகவும் அற்பம்.

இம்மழையின் மதிப்பைக் கணக்கிட்டுப் பார்த்தல் நலம். ஓர் ஏக்கர் நிலத்தில் ஓர் அங்குலம் மழை பெய்தால் அதன் எடை சுமார் 100 டன் ஆகும். 51 அங்குலமோ 5,000 டன்னுக்கு மேற்பட்டது. இது பெரிய செல்வந்தான். ஆயினும் நெற்பயிர் ஒன்று விளைய நாற்றுமுதல் அறுவடைவரை சுமார் 1,200 மில்லிமீட்டர் நீர் வேண்டும் என்பது பயிர் நூலோர் கணக்கு. ஆகவே ஓர் ஏக்கரில் விழும் ஆண்டு மழை முழுவதும் ஒரு துளியும் வீணாகாமல் நின்றாலும் ஒரு போக நெல்லுக்கே சரியாகும். மேலும் இங்குள்ள வெயிலுக்கும் காற்றுக்கும் ஆண்டு முழுவதிலும் ஆவியாகக் கூடிய நீரின் அளவு மழையின் அளவைவிட மிகுதி. இரண்டு போகம், மூன்று போகம் நெல் விளைவிக்கப்படும் நிலத்துக்கு மிகுதி நீர் எங்கிருந்து வருகிறது? ஏரியிலிருந்தும், பூமிக்குள் சேர்ந்திருந்த பழைய நீரிலிருந்துமே வருகிறது. இதை மறந்ததனால் விளைந்த தீமை பின்னர்க் கூறப்படும்.

புயல்களும் பெருமழையும்

வடகிழக்குப் பருவ மழை நாள்தோறும் சீராகப் பெய்வதன்று. விரிகுடாவில் காற்றழுத்தத் தாழ்வுகள் தோன்றிக் கரையை நெருங்கும்போது பெருமழையும், அவை விலகியபின் வெயிலும் மாறிமாறி வரும். இத்தாழ்வுகளிற் சில வலுத்துப் புயலாகின்றன. ஒரு புயல் வந்தால் சேதம். எந்தத் தாழ்வும் வராவிட்டால் வறட்சி. இப்பிரதேசத்தின் சுகமும் துக்கமும் ஒரே இடத்தினின்று வருவன.

1761-ஆம் வருஷம் ஜனவரி முதல் தேதி, புதுச்சேரியை முற்றுகையிட்டிருந்த ஆங்கிலேயரின் கப்பற்படையை ஒரு கடும்புயல் தாக்கிப் பல கப்பல்களை அழித்தது. ஆயினும் முற்றுகை நீங்கவில்லை. அம்மாதமே நகரம் அவர் வசமாயிற்று. தை பிறக்குந் தறுவாயிலும் புயல் வரக்கூடும் என்பதற்கு இது பழைய சான்று. அண்மைக் காலத்துச் சான்று 2011-ஆம் வருஷம் டிசம்பர் 30-ஆம் தேதி காலையில் புதுச்சேரிக்கும் கடலூருக்கும் இடையே கரைகடந்த தானே புயல். கதிர் முற்றிய சம்பா நெல் சாய்ந்தது. பல்லாண்டு வளர்ந்த முந்திரியும் பலாவும் தென்னையும் ஒரே காலையில் வேரோடு வீழ்ந்தன. நெல்லை மறு வருஷம் விதைக்கலாம். பலா மரத்தை அவ்வாறு மீட்க முடியாது. 2020-ஆம் வருஷம் நவம்பர் 25-ஆம் தேதி இரவிலும் நிவர் புயல் புதுச்சேரிக்கு அருகே கரைகடந்தது.

2024-ஆம் வருஷம் நவம்பர் 30-ஆம் தேதி இரவு வந்த ஃபெங்கல் புயல் காற்றைவிட நீரால் அதிக நஷ்டம் விளைவித்தது. கரைகடந்த பின்னும் அது பல மணி நேரம் இடம்பெயராமல் புதுச்சேரிக்கருகிலேயே நின்றதால், ஒரே நாளில் 46 சென்டிமீட்டருக்கு மேல் மழை பெய்தது. இது ஆண்டு மழையில் மூன்றில் ஒரு பங்குக்கு மேலாகும்; ஏக்கர் ஒன்றுக்கு ஏறக்குறைய 1,850 டன் நீர் ஒரு நாளில் விழுந்தது எனலாம். இம்மழை மேற்கே நகர்ந்து பெண்ணையாற்றின் நீர்ப்பிடிப்பிலும் கொட்டியது. டிசம்பர் 2-ஆம் தேதி அதிகாலையில் சாத்தனூர் அணையிலிருந்து விநாடிக்கு 1,68,000 கன அடி நீர் திறந்துவிட நேர்ந்தது. அவ்வெள்ளம் கடலூர், பாகூர்ப் பகுதிகளில் பெண்ணைக்கரைக் கிராமங்களுள் புகுந்து வயல்களை மூழ்கடித்தது. ஆற்றைப்பற்றி முன்னர்க் கூறிய எச்சரிக்கை எவ்வளவு உண்மையென்பது அப்போது விளங்கிற்று.

இதற்கு நேர்மாறாக 2016-ஆம் வருஷத்தில் வடகிழக்குப் பருவ மழை தமிழ்நாட்டில் இயல்பான அளவிற்கு நூற்றுக்கு 60 பங்கு குறைந்துவிட்டது. அதற்கு முந்திய 2015-ஆம் வருஷத்திலோ சென்னை, கடலூர் முதலிய இடங்கள் வெள்ளத்தில் மிதந்தன. பசிபிக் சமுத்திரத்தின் நீர் வழக்கத்திற்கு மேல் சூடேறும் ஆண்டுகளில், அதாவது எல்நினோ ஆண்டுகளில், தென்மேற்குப் பருவம் குறைவதும் வடகிழக்குப் பருவம் மிகுவதும் பலமுறை கண்ட செய்தி. 2015 அத்தகைய ஆண்டு. எனினும் இது தவறாத விதியன்று. மேலும், காற்றின் வெப்பம் ஒரு டிகிரி ஏறினால் அது தாங்கக்கூடிய நீராவி நூற்றுக்கு ஏறக்குறைய 7 பங்கு கூடும் என்பது பௌதிக நூல் கண்ட உண்மை. உலகம் வெப்பமடைந்து வரும் இக்காலத்தில் ஒரே நாளில் கொட்டும் பெருமழைக்கு இடம் அதிகரித்துள்ளது. பழைய அளவை எண்ணி வெட்டிய வடிகால்களை மறுபடியும் நோக்கவேண்டியது ஆட்சியாளர் கடமை.

பூமிக்குள் இருக்கும் நீர்

செம்மண் மேட்டில் விழும் மழை மணற்கல்லினூடே இறங்கிக் கிழக்கே சரிந்து செல்கிறது. மேலே களிமண் படலம் மூடியிருக்கும் தாழ்ந்த இடத்தில் துளையிட்டால் அந்நீர் தன் அழுத்தத்தாலேயே பொங்கி மேலே வரும். இவ்வகை ஊற்றுக் கிணறுகளுக்குப் புதுச்சேரி ஒருகாலத்தில் பெயர் பெற்றிருந்தது. அவற்றை ஆராய்ந்த வில்லியம் கிங் என்னும் புவியியலார் 1880-ஆம் வருஷத்தில், சென்னைக்கும் அவ்வாறு நீர் கிடைக்குமா என்பதைக் குறித்து ஒரு கட்டுரை எழுதினார்.

மின்சாரப் பம்புகளும் ஆழ்துளைக் கிணறுகளும் பெருகிய பின்னர் அந்நிலை மாறிவிட்டது. நீர் மட்டம் ஆண்டுக்காண்டு கீழிறங்கியது. ஏரி நீரை எதிர்பார்த்திருந்த ஆயக்கட்டுதாரர்கள் தத்தம் நிலத்திலேயே ஆழ்துளை இட்டுக்கொண்டதால் வரத்துக் கால்வாயைப் பேணும் அக்கறை தளர்ந்தது. ஏரி நிறையாததால் நிலத்துள் இறங்கும் நீர் குறைந்தது. அது குறையவே கிணறுகள் இன்னும் ஆழமாயின. கடலோரத்தில் இத்தீமை இரட்டிப்பாகும். நன்னீரின் மட்டம் தாழ்ந்தால் உவர்நீர் கடற்புறமிருந்து உள்ளே நகரும். கிணற்றில் ஒருமுறை உப்பு ஏறிவிட்டால் அதை நீக்க ஒரு வருஷத்து நல்ல மழை போதாது.

இதற்குப் பரிகாரம் உண்டென்பதற்கு அருகிலேயே எடுத்துக்காட்டு இருக்கிறது. 1968-ஆம் வருஷத்தில் ஆரோவில் நகரம் தோன்றியபோது அச்செம்மண் மேடு பெரும்பாலும் மரமற்று, ஓடைகள் அறுத்த வெறும் பூமியாகக் கிடந்தது. அங்குள்ளோர் வரப்புயர்த்தி, ஓடைகளுக்குக் குறுக்கே சிற்றணைகள் இட்டு, இக்கடற்கரைக்கே உரிய உலர் பசுமைக்காட்டு மரங்களை நட்டுவந்தனர். இன்று அங்கு அடர்ந்த காடு நிற்கிறது. அதே மண், அதே மழை. மழை விழுந்த இடத்திலேயே நிறுத்திவைக்கப்பட்டதே வேற்றுமை.

பட்டமும் பயிரும்

இப்பகுதியில் சொர்ணவாரி, சம்பா, நவரை என நெற்பட்டங்கள் மூன்று. சித்திரையில் துவங்கும் சொர்ணவாரியும், மார்கழி, தை மாதங்களில் துவங்கும் நவரையும் பெரும்பாலும் கிணற்று நீரை நம்பியவை. சம்பா ஒன்றே பருவ மழையோடு இசைந்தது. சம்பாவின் வெற்றி மூன்று தேதிகளைப் பொறுத்தது. நடவு முடிந்து பயிர் வேர்பிடித்துத் தூர் கட்டுதல் ஐப்பசிப் பெருமழைக்கு முன் நிகழவேண்டும். இளநாற்று வெள்ளத்தைத் தாங்காது. பூக்கும் காலம் பெருமழை தணிந்தபின் அமையவேண்டும். இடைவிடா மழையில் மகரந்தம் கெட்டுப் பதர் மிகும். அறுவடை தை மாதத்து வெயிலில் நிகழவேண்டும். 150 நாள் வயதுடைய இரகத்தை ஆவணியில் விதைத்தால் இம்மூன்றும் ஏறக்குறைய ஒத்துவரும். விதைப்பைப் புரட்டாசி முடியும்வரை தள்ளுவோர் குறுகிய வயதுடைய இரகத்தைக் கொள்ளுதல் நலம்.

தாழ்ந்த நிலங்களில் வெள்ளம் நிற்பது வழக்கமாயின், நீரில் மூழ்கினும் அழியாத குணம் ஏற்றப்பெற்ற சி.ஆர். 1009 சப் 1 போன்ற இரகங்கள் கிடைக்கின்றன. இவை இரண்டு வாரம் வரை மூழ்கியிருந்தும் மீண்டும் துளிர்க்க வல்லவை. வெள்ளம் வடிந்தவுடனே தழைச்சத்து உரத்தை மிகுதியாக இடுதல் தவறு. முதலில் நீரை நன்றாக வடித்து, பயிர் புதுவேர் விட்டபின், வேப்பம் பிண்ணாக்கோடு கலந்து சிறிது சிறிதாக இடவேண்டும். நவரைப் போகத்தில் நெல்லுக்குப் பதிலாக உளுந்து, எள், மணிலா முதலியவற்றைப் பயிரிடுவோர் தமது கிணற்றை மட்டுமன்றி அண்டையார் கிணற்றையும் காப்பவராவர்.

கிராமத்தில் செய்யத்தக்கவை

ஆவணி, புரட்டாசி மாதங்களிலேயே ஏரியின் வரத்துக் கால்வாய், மதகு, கலிங்கல், கரை ஆகியவற்றைக் கிராம அதிகாரிகளும் பாசன சங்கத்தாரும் ஒருங்கே நடந்து பார்வையிடல் வேண்டும். கரையில் எலி வளையும் நண்டு வளையும் இருப்பின் அப்போதே அடைத்துவிட வேண்டும். வெள்ளம் வந்தபின் சாக்கில் மணல் தேடுவது வீண். கலிங்கலின் வழியிலும் வடிகாலிலும் ஆக்கிரமிப்பு இருந்தால் மழைக்கு முன் நீக்குதல் வேண்டும். ஒருவரது அரை ஏக்கர் ஆக்கிரமிப்பு ஓர் ஊரின் நஞ்செய் முழுவதையும் மூழ்கடிக்கப் போதுமானது.

ஒவ்வொரு கிராமத்திலும் மழைமானி ஒன்று வைத்து, நாள்தோறும் காலை 8.30 மணிக்கு அளவெடுத்துப் புத்தகத்தில் பதிந்து வருதல் மிகவும் பயன் தரும். ஒரு மில்லிமீட்டர் மழை என்பது சதுர மீட்டருக்கு ஒரு லிட்டர் நீர். 24 மணி நேரத்தில் 64.5 மில்லிமீட்டருக்கு மேற்பட்டதைக் கனமழை என்றும், 115.6-க்கு மேற்பட்டதை மிகக் கனமழை என்றும், 204.5-க்கு மேற்பட்டதை அதிகனமழை என்றும் வானிலைத் துறையார் வகுத்துள்ளனர். மஞ்சள், ஆரஞ்சு, சிவப்பு என அவர் வெளியிடும் எச்சரிக்கைகளின் பொருளை இவ்வளவுகளோடு பொருத்தி ஊராருக்கு எடுத்துரைத்தல் அதிகாரிகளின் கடமை. பெண்ணைக்கரைக் கிராமத்தார் உள்ளூர் எச்சரிக்கையோடு சாத்தனூர் அணையின் செய்தியையும், சங்கராபரணிக் கரையார் வீடூர் அணையின் செய்தியையும் நாள்தோறும் கேட்டறிதல் வேண்டும்.

மேட்டு நிலமுடையோர் வரப்பை உயர்த்தி, சாய்வுக்குக் குறுக்கே உழுது, கோடை மழையை நிலத்திலேயே நிறுத்தலாம். கடலோரத்தார் ஆழ்துளையை மேலும் ஆழமாக்குவதை விட்டு, குளங்களைத் தூர்வாரி நன்னீரை நிரப்புதலே உப்பைத் தடுக்கும் வழியாகும்.

பருவ மழையை வருவிக்கவோ நிறுத்தவோ எவராலும் ஆகாது. அது எந்த மாதத்தில் வரும், எந்த வழியாக ஓடும், எவ்விடத்தில் நிற்கும் என்பவை மட்டும் நன்கு தெரிந்த செய்திகள். ஐப்பசியில் ஆற்றோடு போகும் நீரைப் பார்த்துக்கொண்டு நின்ற ஊர், பங்குனியில் கிணற்றை எட்டிப் பார்த்து வருந்தும். இவ்வாண்டு ஐப்பசிக்கு முன் ஒவ்வொரு கிராமத்தாரும் தத்தம் ஏரிக்கு வரும் கால்வாயை அதன் தலைப்பு முதல் கடைசி வரை ஒருமுறை நடந்து பார்ப்பார்களாயின், அதுவே இப்பிரதேசத்தின் பயிர்த்தொழிலுக்குச் செய்யும் பெரிய உதவியாகும்.